கிலோவில் இல்லை பலம்

கே: ஷெட் போடப்போகிறேன். “கனமான செக்‌ஷனாகப் போட்டுவிடலாம், நிம்மதி” என்கிறார் ஃபேப்ரிகேட்டர். கேட்கலாமா? (ஓசூர்)

ப: கூலி எப்படி என்று முதலில் கேளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்றால் நிம்மதி அவருக்கு, பில் உங்களுக்கு. பிரிட்டனில் 23 கட்டடங்களின் எஃகு பீம்களைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அலசி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றின் தாங்குதிறனில் சராசரியாகப் பாதிகூடப் பயன்படவில்லை. ஒரு டன் எஃகு உருவாக ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. தேவையில்லாத பீமுக்கும் அதே கணக்குதான்.

கே: ட்ரஸ் உயரத்தைக் குறைத்தால் இரும்பு மிச்சம்தானே? (திருப்பூர்)

ப: கூடுதலாகச் செலவாகும். 20 மீட்டர் அகல ஷெட், 5 மீட்டருக்கு ஒரு ட்ரஸ், சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரஸ் உயரம் 1 மீட்டர் என்றால் நடுவில் மேல் கார்டிலும் கீழ் கார்டிலும் (ட்ரஸ்ஸின் மேல், கீழ் ஓரங்களில் ஓடும் நீளக் கம்பிகள்) தலா 25 டன் விசை. உயரம் 2 மீட்டர் ஆனால் 12.5 டன்தான். அதற்காக ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. குறுக்குக் கம்பிகள் நீண்டு, அமுக்கத்தில் வளையத் தொடங்கும். அதற்கும் தடிமனைக் கூட்டுவதுதான் வழி என்று நினைக்காதீர்கள். மெலிந்த கம்பியை, அது வளையும் திசையில், நடுவில் ஒரு பிரேசிங்கால் பிடித்தால் போதும்; வளையாமல் தாங்கும் சுமை நாலு மடங்காகும்.

கே: இ250-க்குப் பதில் இ350 எஃகு போட்டால்? (கோவை)

ப: வலு 40 சதவீதம் கூடும். விறைப்பு அதேதான். இழுபடும் கம்பிக்கு லாபம், தொய்வைக் குறைக்க உதவாது.

கே: லேசான கூரையைப் புயல் தூக்கிவிடாதா? (கடலூர்)

ப: நியாயமான பயம். சென்னைக்கு இந்தியத் தரவிதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 25 கிலோ எடையுள்ள கூரையை 50 ஆக்கினாலும் காற்று அசராது. பிடித்து நிறுத்துவது ஷீட் ஸ்க்ரூ, பர்லின் இணைப்பு, அடியில் ஆங்க்கர் போல்ட். காற்று அதிகம் உறிஞ்சுவது ஓரத்திலும் மூலையிலும். ஸ்க்ரூவை அங்கே நெருக்கமாகப் போடுங்கள். இன்னொன்று: காற்று மேலே தூக்கும்போது, அதுவரை இழுபட்டிருந்த கீழ் கார்டு அமுக்கத்துக்கு மாறும். அதற்குப் பக்கவாட்டுப் பிரேசிங் இல்லாத ட்ரஸ்ஸை நான் ஏற்கவே மாட்டேன்.

கே: குறைந்த எடையில் பெரிய கூரை யாராவது போட்டிருக்கிறார்களா? (மதுரை)

ப: லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சைக்கிள் பந்தய அரங்கு. கேபிள்களை வலையாகக் கட்டிய கூரை, சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. ஆனால் வலையின் இழுவையைத் தாங்கச் சுற்றிலும் வலுவான கட்டமைப்பு வேண்டும். சின்ன ஷெட்டுக்கு ஒத்துவராது.

கே: எனக்கு இன்ஜினீயரிங் தெரியாது. எதைக் கேட்டு வாங்குவது? (சேலம்)

ப: டிசைன் மென்பொருளான ஸ்டாட் தரும் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் எதிரே யூட்டிலைசேஷன் ரேஷியோ, அதாவது தாங்குதிறனில் எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்கு, இருக்கும். 1-ஐத் தாண்டினால் ஆபத்து. பெரும்பாலானவை 0.4-லேயே நின்றால் ஏன் என்று கேளுங்கள். தொய்வோ காற்றோ காரணமாக இருக்கலாம். காரணம் சொல்ல முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்து மறுபடி டிசைன் செய்யச் சொல்லுங்கள், இரும்பு வாங்கும் முன்பே.