திறந்தாலும் தண்ணீர் வராத பைப்

லண்டன் வெம்பிளியில் 1924ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சிக்காகக் கட்டிய தொழில் மாளிகையில் எஞ்சியிருந்ததையும் 2013இல் இடித்துவிட்டார்கள். ஆனால் ஊரைவிட்டுப் போன தொழிற்சாலை இப்போது விளக்கு வடிவில் வரவேற்பறைக்குள் திரும்பி வருகிறது. இரும்புக் குழாய், எல்போ, அழுத்தமானி, பித்தளைப் பைப் எல்லாவற்றையும் முறுக்கிப் பூட்டி, உச்சியில் மஞ்சள் பல்ப் மாட்டினால் கலைப்பொருள். கழற்றிக் குவித்தால் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகவேண்டியது. பழைய சாமானில் விளக்குச் செய்வது நல்ல காரியம்தான். என் நிபந்தனை ஒன்றே: பொறுக்கியெடுத்த உறுப்பு விளக்கிலும் ஏதாவது வேலை பார்க்கவேண்டும். தண்ணீர் வராத பைப்பும் பூச்சியத்தைத் தாண்டாத அழுத்தமானியும், ஓய்வுபெற்ற பின்னும் டை கட்டிக்கொண்டு வாசலில் உட்காரும் அதிகாரிகள் மாதிரி.

இந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறுவது யாழ்ப்பாணத்து ஜாம் போத்தல் விளக்கு. உள்நாட்டுப் போரில் 1990இல் மின்சாரம் நின்றது; பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னானது. போத்தலின் அடியில் பஞ்சு, அது உறிஞ்சும் அளவுக்கு மட்டும் எண்ணெய், திரியைப் பிடிக்கச் சைக்கிள் டியூப்பின் வால்வு. காற்றைத் தடுக்கப் போத்தலே சிமினி. சும்மா இருந்த உறுப்பு ஒன்றுமில்லை. இங்கிலாந்திலும் 1932இல் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற கார் சஸ்பென்ஷன் பொறியாளர் ஸ்பிரிங் பொறிமுறையை மேசைவிளக்குக்குக் கொண்டுவந்தார், ஆங்கிள்பாய்ஸ் பிறந்தது. விளக்கின் தலையை வைத்த இடத்தில் நிறுத்துவது அந்த ஸ்பிரிங்தான்.

“அழகும் ஒரு வேலைதானே?” என்பார்கள். சரி, ஆனால் புத்தம்புதுக் குழாய்க்குத் துருநிறம் பூசி விற்பது அழகா, மாறுவேடமா? “குப்பை குறைகிறதே” என்ற வாதமும் அங்கேயே அடிபடுகிறது. பழைய தொழிற்சாலையின் எனாமல் விளக்குமூடியை வாங்கினால் அந்த வாதம் நிற்கும். உள்ளே பூசிய வெள்ளை இன்றைக்கும் வெளிச்சத்தை ஒழுங்காகக் கீழே தள்ளும். ஜாம் போத்தலைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதா என்றும் கேட்கலாம். அந்தப் புகையில் படித்த யாரும் அந்த இரவுகளைத் திரும்பக் கேட்கமாட்டார்கள். நான் மெச்சுவது கைவேலையை; தடையை அல்ல.

ஆகவே கடைக்குப் போனால் பைப்பைத் திருகிப் பாருங்கள். வெளிச்சம் கூடிக் குறைந்தால் தாராளமாக வாங்குங்கள். பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதா, இரும்புடம்புக்கு எர்த் வயர் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அதன் அழகைக் கடையிலேயே ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். ஓடுவது 230 வோல்ட்.