டிஷ்யூ பாக்கெட்டும் காசித்துண்டும்

சிங்கப்பூர்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். சேக்காட்டில் அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? கொசுவைப் பற்றி விசாரிக்கவில்லை, அது சௌக்கியமாகத்தான் இருக்கும்.

"வெளிநாட்டுக்காரன் ஒழுங்கு நமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராதுடா" என்று, டேங்க் ஃபேக்டரியில் ரிடையர் ஆன நாளிலிருந்து சொல்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று மதியம் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடப் போனேன். ஒரு மேசை காலி. நடுவில் ஒரே ஒரு டிஷ்யூ பாக்கெட். உட்காரப் போனேன். "தம்பி, அது சோப் பண்ண இடம்" என்றார் பக்கத்து மேசைப் பாட்டி. நமக்கு சோப் என்றால் குளிக்க. இவர்களுக்கு இடம் பிடிக்க. ஆவடி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் காசித்துண்டு எறிவீர்களே, அதே கலைதான். ஆனால் உங்கள் துண்டை மடித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்த மகராசன்கள் உண்டு. இங்கே பாக்கெட்டைத் தொட ஆளில்லை.

பாட்டி மேசையிலேயே ஒண்டிக்கொண்டேன். பாதிச் சாப்பாட்டில் முதுகுக்குப் பின்னால் தட்டோடு ஒருவர் வந்து நின்றார். கல்யாணப் பந்தியில் நாம் பாயசம் குடித்து முடிப்பதற்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதே மூச்சுக்காற்று. ஊர் ஞாபகத்தில் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்து வைக்கிறார்கள் என்று டிவி பார்த்து மெச்சினீர்கள். அந்தக் கண்டிப்பு வந்ததே 2021 செப்டம்பரில்தான். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம். 300 வெள்ளி என்றால் நம் சித்தப்பாவே எச்சில் இலையை எடுப்பார்.

2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தியபோது நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே '4டி' என்று நாலு இலக்கச் சீட்டு இருக்கிறது. ரோட்டில் கார் மோதினால், உள்ளே இருந்தவருக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்பே வண்டி நம்பரைக் குறித்துக்கொள்பவர்கள் உண்டு. போன வாரம் என் கண்ணெதிரே ஒன்று மோதியது. நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னீர்கள், வாருங்கள். காசித்துண்டை மட்டும் கொண்டுவர வேண்டாம். மேசைமேல் போட்டால் துடைக்கிற துணி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்