வள்ளத்தின் எந்தப் பக்கம் மேல்? ஐப்பசி மாத எல்லையோர நீர்வழிப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில், ஐப்பசி மாதம், சொந்த வள்ளத்தில், கடலைத் தொடாமல் உள்நாட்டு நீர்வழியாகவே பயணம் போக முடியுமா? அறிஞர்கள் இந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்குக் காரணம், ‘முடியாது’ என்று சொல்வது மிகவும் எளிது என்பதே. பாறசாலையில் ரயில் நிலையம் உண்டு, ஆறு கிடையாது என்று சொல்லி எழுந்து போய்விடலாம். ஆனால் வள்ளம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தால் விவகாரம் வேறு திசையில் திரும்புகிறது. வள்ளம் என்பது மனிதனையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் கருவி. அதற்கு வேறு வேலை இல்லை. தண்ணீர் கீழேதான் இருந்தாக வேண்டும் என்று எந்த ஆசாரியும் விதி வகுக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வள்ளம் இருந்தால் போதும். இந்த வட்டாரத்தில் ஐப்பசியில் தண்ணீர் மேலே இருக்கிறது. ஆகவே வள்ளமும் மேலே, அதாவது பயணியின் தலைமேல், கவிழ்ந்த நிலையில் இருப்பதே முறை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கீழே உள்ள தண்ணீரைப் பார்த்துவிடுவோம்; அதிக நேரம் ஆகாது. அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேரும் நெய்யாறு 56 கிலோமீட்டர் நீளம். மேல்பகுதியில் 1958-இல் கட்டிய அணை குறுக்கே நிற்கிறது. அதற்குக் கீழே பாறை. அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீநாராயண குரு பிரதிஷ்டை செய்த சிவலிங்கம், அவர் அதே ஆற்றில் மூழ்கி எடுத்த கல்தான். அந்த நிகழ்வின் பெருமையைப் பேச நமக்குத் தகுதி போதாது, ஆற்றில் கல்லுக்குக் குறைவில்லை என்பதற்கு மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்கிறோம். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் தமிழ்நாட்டு விளவங்கோடு வரை வருகிறது, 2004 முதல் தண்ணீர்தான் வருவதில்லை. மிச்சம் இருப்பது அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். பத்மநாபசுவாமி, இங்கிலாந்து ராணி, திருவிதாங்கூர் மகாராஜா என மூவர் பெயரையும் ஒரே வாய்க்காலுக்குச் சூட்டி 1860-இல் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சரக்கு வள்ளங்கள் போய்வர வேண்டும் என்பது திட்டம். கால்வாய் கன்னியாகுமரி போய்ச் சேரவேயில்லை. வெட்டிய இடங்களிலும் இன்று பல பகுதிகள் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கின்றன. ஆனாலும் 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் நாடு முழுவதும் 111 நீர்வழிகளை அறிவித்தபோது, பூவாறு முதல் இரையுமன்துறை வரையுள்ள 11 கிலோமீட்டரைத் தேசிய நீர்வழி எண் 13 என்று பட்டியலில் சேர்த்தது. ஆகாயத்தாமரைக்கு இதைவிடப் பெரிய அரசு அங்கீகாரம் எங்கும் கிடைத்திருக்காது.

இனி மேலே உள்ள தண்ணீர். இடவப்பாதியில் ஒருமுறை தென்மேற்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன இந்த மண்ணை, ஐப்பசியில், மலையாளக் கணக்கில் துலாம் மாதத்தில், வடகிழக்குப் பருவமழை மறுபடி நனைக்கிறது. துலா மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் வெயில் பல்லைக் காட்டும். மத்தியானத்துக்கு மேல் மலைப் பக்கம் கறுக்கும். சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும். தேசிய நீர்வழியில் இல்லாத நம்பகத்தன்மை இந்த மழையில் இருக்கிறது. எந்த ஊரானாலும் நீர்வழிப் பயணி முதலில் கேட்பது எங்கே ஆழம் நிச்சயம் என்பதுதானே? இங்கே நிச்சயமான ஆழம் வானத்தில் இருக்கிறது. மின்னலுக்கு மட்டும் இக்கோட்பாடு பொறுப்பேற்காது.

வள்ளத்தின் நிலையை மாற்றுவது இந்த வட்டாரத்துக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்டவர்மா நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஊரறிந்த கதை. அம்மச்சிப் பிலாவு என்று அந்த மரத்தை அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் போற்றி வைத்திருந்தார்கள். ஆறு கூப்பிடுதூரத்தில் ஓடும்போது ஓர் அரச வாரிசு ஏன் வள்ளம் ஏறவில்லை? ஏறினார் என்பதே நம் துணிபு. குடைந்த மரம், உள்ளே மனிதன், வெளியே ஆபத்து: வள்ளத்துக்கு இதற்குமேல் இலக்கணம் இல்லை. படுக்க வைக்க வேண்டியதை நிற்க வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நிற்க வைக்கலாம் என்றால் கவிழ்க்கவும் செய்யலாம். வெளிநாட்டுச் சான்றும் உண்டு. 1876-இன் இலையுதிர்காலத்தில் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தன் நண்பர் ஒருவருடன் ஆளுக்கொரு சிறு படகில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து பிரான்ஸை நோக்கிக் கால்வாய், ஆறு என்று போய் ஒரு புத்தகமே எழுதினார். வழிநெடுக மழை. பிரஸ்ஸல்ஸ் தாண்டியதும் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகுகள் வரிசையாக வரும் என்று தெரிந்தவுடன் இருவரும் படகுகளோடு ரயில் ஏறிவிட்டார்கள். உள்நாட்டுப் படகுப் பயணத்தின் மூலநூல் என்று கொண்டாடப்படுவதிலேயே படகு சவாரி செய்திருக்கிறது என்றால், பாறசாலை வள்ளத்துக்கு அந்த உரிமையை மறுப்பது எந்த ஊர் நியாயம்? பாறசாலை வழியாகவும் 1979 முதல் ரயில் ஓடுகிறது. ஆனால் வள்ளத்தைத் தலையில் தாங்கியபடி ரயிலில் போகிறவருக்கு மழையே படாது, பயணத்தின் நோக்கம் கெடும்.

பூவாறில் தினமும் படகு ஓடுகிறதே, சுற்றுலாப் பயணிகள் பொழிமுகம் வரை போய் வருகிறார்களே என்று மறுப்பார்கள். போகிறார்கள், ஏறின இடத்திலேயே இறங்குகிறார்கள், அதுவும் வாடகைப் படகில். அது பிரதட்சிணம், பயணம் அல்ல. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: தலைக்குமேல் மழையைத் தடுக்க ஒரு குடை போதுமே, வள்ளம் எதற்கு? குடையை மடக்கலாம், பஸ்ஸில் மறந்து வைக்கலாம், விலையும் குறைவு என்பதை எல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பொழியூர் தாண்டி நீரோடிப் பக்கம் கால்வாயில் திடீரென்று நல்ல வெள்ளம் கிடைத்துவிட்டால் குடைக்காரர் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். வள்ளக்காரர் அந்தத் தூரத்துக்கு மட்டும் வள்ளத்தை நிமிர்த்திப் போட்டு, துடுப்புத் தள்ளி, கதம்பை ஊறும் நாற்றத்தைக் கடந்து, மறுபடி கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் பயன்படுவதை ஒரு பக்கம் மட்டும் பயன்படுவதோடு ஒப்பிடுவது முறையல்ல. சட்டமும் குறுக்கே வராது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், நீரில் போகும் கலத்தைப் பற்றியே கவலைப்படுகிறது. களியக்காவிளைச் சந்தி வழியாகத் தலைமேல் போகும் கலத்தை அது கலமாகவே கருத வாய்ப்பில்லை; மோட்டார் வாகனம் என்று யாராவது பிடித்தால் சக்கரத்தைக் காட்டச் சொல்லலாம்.

ஆள் நிற்கும் ஒழுங்கு ஒன்று மட்டும் பாக்கி. வள்ளத்துக்கு இருவர் தேவை. அணியத்தைத் தாங்குகிறவர் உயரமாகவும் அமரத்தைத் தாங்குகிறவர் குட்டையாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் பின்னோக்கி வடிந்து, இருவரும் கடந்துவிட்ட இடத்தில் விழும். மாறி நின்றால் முன்னவர் போகும் வழியெல்லாம் தானே ஒரு நீர்வழியை உண்டாக்கிக்கொண்டு போக நேரும். அது கேரளத்தில் தொடங்கித் தமிழ்நாட்டுக்குள் பாயும். நெய்யாற்றுத் தண்ணீருக்காகத் தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன நிலையில், இந்தத் தண்ணீர் யாருடையது என்று இன்னொரு மனுவைப் போட வைப்பது நல்லதல்ல.