பெருஞ்செலவு இயல்: நான்கு நூற்பாவும் உரையும்

பாயிரம்

இவ்வியலுள் ஆராயப்படுவது யாதோ எனின், 1950களிலும் 60களிலும் ஐரோப்பாவில் பிறந்த 'கிராண்ட் டூரிங்' கார்கள், கிழடு தட்டத் தட்ட விலையேறும் காரணம் என்க. இத்தாலியர் இவ்வகையை 'கிரான் டூரிஸ்மோ' என்பர். இரண்டு பேர், இரண்டு பெட்டி, பெரிய எஞ்சின். காலையில் ஒரு நாட்டில் காபி, இரவில் இன்னொரு நாட்டில் சாப்பாடு. இதுவே அதன் இலக்கணம். யாம் இதைப் 'பெருஞ்செலவு' எனத் தமிழ்ப்படுத்தினோம். செலவு என்பது பழந்தமிழில் போதல். இக்காலத் தமிழில் பணம் போதல். இரண்டும் ஒருங்கே பொருந்தும் ஊர்தி இஃதொன்றே.

நூற்பா 1

எண்ணிக்கை குறையின் எண்ணம் பெருகும்;
எண்ணும் பணமும் அதனொடு பெருகும்.

உரை: ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டது. 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். சிலிண்டர் 12, ஆகலின் 3 லிட்டர். ஈற்றிலுள்ள 'ஓ' ஒமொலொகாட்டோ, அதாவது பந்தயத்துக்கு ஏற்புப் பெற்றது. ஏற்புப் பெற 100 வண்டி செய்ய வேண்டும் என்பது விதி. செய்தது 36. "இது புது வண்டியன்று, பழைய 250 ஜிடியே சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது" என்று வாதாடிச் சான்று வாங்கினர். 4 லிட்டர் எஞ்சின் வைத்த மூன்றையும் கூட்டி 39 என்பாரும் உளர். பந்தியில் இலை கூடினால் பாயசம் குறையும் ஆகலின், 36 பேருள் ஒருவராயிருப்பவர் அக்கொள்கையை ஏலார்.

புதிதில் இதன் விலை அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் ஒன்று ஏலம் போனது 4.84 கோடி டாலருக்கு. ஏறத்தாழ 2,700 மடங்கு. நூறும் செய்திருந்தால் விதி பிழைத்திருக்கும், விலை பிழைத்திராது.

நூற்பா 2

ஓடப் பிறந்தது ஓடா திருப்பின்
நாடி வருவோர் நாளும் பெருகுவர்.

உரை: இதற்குச் சான்று இரண்டு. டெக்சாஸ் மாநிலத்து விக்டோரியா உயர்நிலைப் பள்ளியின் மோட்டார் பட்டறைக்கு ஒரு ஜிடிஓ அன்பளிப்பாக வந்தது. 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்குத் தள்ளிவிட்டது. வாங்கியவர் ஓஹாயோவில் டிரெய்லர் மேல் ஏற்றி, திறந்த வெளியில், வெயிலிலும் பனியிலும் பல்லாண்டு போட்டுவைத்தார். உழவில்லை, உரமில்லை, நின்ற இடத்திலேயே விளைந்த பயிர் அது.

இரண்டாவது, மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே. பந்தயக் காருக்குக் கூரை போட்டது ஆகலின் இனம் சற்றே மாறியது, எனினும் உறவுமுறைதான். 1955இல் இரண்டே செய்தனர். அவ்வாண்டோடு நிறுவனம் பந்தயத்தை விட்டதால் எப்பந்தயத்துக்கும் அது போகவில்லை. பிறந்த வீட்டிலேயே 67 ஆண்டு இருந்து, 2022இல் ஸ்டுட்கார்ட்டில் 13.5 கோடி யூரோவுக்குப் போனது.

அற்றேல், உரையாசிரியன் வீட்டு ஸ்கூட்டரும் ஒன்பது ஆண்டாக மாடிப்படிக்கு அடியில் நிற்கிறதே, அதன் விலை ஏறாதது ஏன் எனின், நூற்பாவுள் 'ஓடப் பிறந்தது' என்றமையால் விடை பெறப்படும். ஸ்கூட்டர் நிற்கவே பிறந்தது. வாங்கிய மறுநாளே அதனை உணர்ந்தோம்.

நூற்பா 3

தூசியும் பொருளே; துடைத்தல் பிழையே;
பொருத்தம் பிழைப்பின் தூசியும் தூசே.

உரை: 2015 பிப்ரவரியில் பாரிஸில் 59 கார்கள் ஏலத்துக்கு வந்தன. மேற்கு பிரான்சில் தொழிலதிபர் ஒருவர் வாங்கிச் சேர்த்து, கொட்டகைகளில் கிடந்தவை. அவற்றுள் ஒன்று ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். ஒரு காலத்தில் நடிகர் அலென் டெலானிடம் இருந்தது. அதன் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நம் வீட்டில் பரணுக்கு உரிய மரியாதை. கழுவிக் குளிப்பாட்டாமல், கண்டெடுத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தனர். விலை சுமார் 1.63 கோடி யூரோ.

எல்லாத் தூசியும் ஒன்றோ எனின், அன்று. சட்டகத்தில் பொறித்த எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஆலைப் பதிவேட்டோடு ஒத்துவர வேண்டும். இந்த ஜாதகம் பார்க்க ஃபெராரி நிறுவனமே மாரனெல்லோவில் ஒரு பிரிவு வைத்துச் சான்றிதழ் தருகிறது. நம்மூர்ச் சோதிடர் பத்தில் ஏழு பொருந்தினால் தாலி கட்டச் சொல்லிவிடுவார். இங்கே எஞ்சின் வேறு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் சம்பந்தம் முறியாவிட்டாலும் சீர் குறையும்.

நூற்பா 4

ஏறிய தெல்லாம் இறங்கலும் உண்டே;
விற்றோர் அறிவர், வைத்தோர் அறியார்.

உரை: 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி மறைந்தார். இனி அவர் காலத்து வண்டி பிறக்கப்போவதில்லை என்று விலை தாவியது. ஜப்பானில் பணம் பெருகி வழிந்த காலம் வேறு. கார் பிடித்தவர் ஒதுங்க, காசு பிடித்தவர் புகுந்தனர். 1990களின் தொடக்கத்தில் குமிழி உடைந்தது. உச்சியில் வாங்கியவர்களுக்குத்தான் காரை ஓட்டிப் பார்க்க முதன்முதலாக மனம் வந்திருக்கும்.

புறனடை

பொருள் தேடப் பிரிவதைப் பொருள்வயிற் பிரிவு என்றும், புறப்பட எண்ணியவன் தலைவியின் முகம் கண்டு தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்றும் அகத்திணை நூலார் கூறுவர். இக்கார்களோ பொருளின் பொருட்டே செலவழுங்கியவை. இதனைப் 'பொருள்வயிற் பிரியாமை' எனப் புதுத் துறையாகக் கொள்க. பிங்க் ஃபிளாய்ட் டிரம்மர் நிக் மேசன் 1970களில் வாங்கிய ஜிடிஓவைப் பந்தயக் களத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தாரே எனின், அது வழு. ஆயினும் அவர் ஒருவரே அதனைக் கார் என்று அறிந்தவர் ஆகலின் வழுவமைதி.

இவ்வுரை முடிந்த அன்று காயலான் கடைக்காரர் வந்து, ஸ்கூட்டருக்கு 300 ரூபாய் ஏற்றிக் கேட்டார். கொடுத்திலம். தூசி துடைப்பதையும் நிறுத்திவிட்டோம்.