உடைக்க மனம் வராத புட்டிகள்

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்ற பழமொழியில் முதல் மரியாதை பூவுக்கே உரியது. வாசனைத் திரவியத் தொழிலோ, மணம் காற்றில் கரைந்துவிடுவதாலும் கண்ணாடி மேசைமேல் நின்றுவிடுவதாலும், அந்த மரியாதையை நூறாண்டுகளுக்கு முன்பே நாருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

இம்மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சுவா கோட்டி. 1904-இல் பாரிஸின் பெரிய அங்காடி ஒன்று அவருடைய சரக்கை வாங்க மறுத்ததாகவும், கைதவறியோ தவறாமலோ அவர் ஒரு புட்டியை அங்கேயே உடைக்க, எழுந்த மணத்தில் சொக்கிய பெண்கள் இருப்பு முழுவதையும் வாங்கித் தீர்த்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யாயின், வாசனையை விற்கச் சிறந்த வழி புட்டியை உடைப்பதே என்ற முடிவுக்கு அவர் வந்திருக்க வேண்டும். அவரோ சில ஆண்டுகளில் நகைக் கலைஞர் ரெனே லாலிக்கிடம் சென்று, உடைக்க மனம் வராத புட்டிகளைச் செய்வித்தார்.

1921-இல் வந்த ஷனேல் எண் 5-இன் சதுரப் புட்டி, புட்டியாகவே இருக்கச் சம்மதித்த கடைசிச் சிலவற்றுள் ஒன்று எனலாம். 1937-இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியின் 'ஷாக்கிங்', நடிகை மே வெஸ்டின் உடலளவைத் தழுவிய தையற்கடைப் பொம்மையாக ஓவியர் லியோனோர் ஃபினியின் கைவண்ணத்தில் உருவெடுத்தது. 1993-இல் ஜான் பால் கோத்தியே அதே போன்றதோர் உடலைத் தகர டப்பாவில் அடைத்து விற்றார். பின்னர் 2005-இல் கையெறிகுண்டும் ('ஃபிளவர்பாம்'), 2008-இல் தங்கக்கட்டியும் ('ஒன் மில்லியன்'), 2016-இல் குதிகால் உயர்ந்த செருப்பும் ('குட் கேர்ள்') புட்டிகளாயின. மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் செல்பவர், சோதனை அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் சற்று நீளமானதாகவே இருக்கும்.

முகப்பூச்சுச் சாடிகளின் புதுமை வேறு வகையானது: வெளிச்சுவருக்கும் உட்கிண்ணத்துக்கும் இடையே இடம் விட்டுச் செய்யப்படும் இரட்டைச் சுவர்ச் சாடி, கைக்குக் கனமாகவும் கண்ணுக்குப் பெரிதாகவும் இருந்து, களிம்பை மட்டும் சிக்கனமாகக் கொள்கிறது. பலாப்பழம் உரித்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது.

வடிவம் எதுவாயினும், தெளிப்பானைப் பொருத்தும் முறை பெரும்பாலும் ஒன்றே. 'கிரிம்ப்' எனப்படும் அம்முறையில் ஓர் உலோக வளையம் புட்டியின் கழுத்தோடு நெரித்துப் பூட்டப்படுவதால், புட்டியைத் திறக்கவும் முடியாது, மீண்டும் நிரப்பவும் முடியாது. உறிஞ்சுகுழல் எட்டாத மூலையில், செருப்பாயின் அதன் நுனியில், கடைசிச் சில சொட்டுகள் எவருக்கும் பயன்படாமல் பாதுகாப்பாக இருக்கும். இதற்கு விதிவிலக்காக, 1992-இல் தியெரி முக்லேரின் 'ஏஞ்சல்' என்னும் நட்சத்திரப் புட்டி, காலியானதும் கடைக்கே கொண்டுசென்று நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிப் பழகியவர்கள் இதைப் புதுமை என ஒப்புக்கொள்ளத் தயங்கலாம், ஆயினும் இத்தொழிலின் புதுமைகளுள் உருப்படியானது இதுவே.

இக்கட்டுரையாளரின் வீட்டு அலமாரியில் இப்போது ஏழு காலிப் புட்டிகள் உள்ளன. கண்ணாடியும் உலோகமும் பிளாஸ்டிக் குழலும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால், காயலான் கடைக்காரர் அவற்றை எடைக்கு எடுக்க மறுத்துவிட்டார்.