ஒலிம்பஸ் அப்பா

முன்பெல்லாம் பிள்ளை பிறந்தால் பெயரைத் தேட வேண்டியதில்லை. தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. அதற்கு மேலும் பிறந்தால் குலதெய்வம் இருக்கவே இருக்கிறது. இப்போது ஒரு புது வகை அப்பா கிளம்பியிருக்கிறார். கணினி கம்பெனியில் வேலை, முப்பதை ஒட்டிய வயது, முகத்தில் நிரந்தரக் கவலை. “யாருக்குமே இல்லாத பேரா இருக்கணும் சார். ஆனா அர்த்தமும் இருக்கணும்.” அப்படிப்பட்ட பெயரெல்லாம் உள்ளூரில் தீர்ந்துவிட்டதாம். அதனால் கிரேக்கத்துக்குப் போய்விடுகிறார்.

என் எதிர் ஃப்ளாட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். நான் ஏதோ எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு, மனைவிக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியதுமே கையில் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென 1994-லேயே சட்டம் வந்துவிட்டதால் நோட்டில் இரண்டு பட்டியல்கள்.

ஆண் பட்டியலில் முதல் இரண்டு பெயர்கள் ஹெர்குலிஸ், அட்லஸ். அவருடைய அப்பா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “ரெண்டும் சைக்கிள்டா.”

இவர் விடவில்லை. வானத்தைத் தோளில் தாங்கி நிற்பவன் அட்லஸ். தங்க ஆப்பிள் பறிக்கப் போகும்போது கொஞ்ச நேரம் அந்த வானத்தை ஹெர்குலிஸிடம் கொடுத்துவிட்டுப் போனான். “எவ்வளவு பெரிய கதை தெரியுமாப்பா?”

“தெரியுதே. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை இன்னொருத்தன் கையில குடுத்துட்டுக் கடைக்குப் போன கதை.”

டைட்டன் என்றார். கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார் பெரியவர். அப்போலோ என்றார். “எந்த பிராஞ்சு?” என்று கேட்டார். நானும் சும்மா இருந்திருக்கலாம். கிரேக்கத்தில் அவன் பெயர் ஹெராக்கிளிஸ், ஹெர்குலிஸ் என்பது ரோமாபுரிக்காரர்கள் கூப்பிட்டது என்று சொல்லித் தொலைத்தேன். மூன்று நாள் லிஃப்டில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண் பட்டியல் இன்னும் சிக்கல். அதீனா என்றதும் அவர் அம்மா, “எந்த ஆதீனம்?” என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கம். இல்லைம்மா, அறிவுக்கான தேவதை, அப்பன் தலையைப் பிளந்துகொண்டு கையில் ஆயுதத்தோடு பிறந்தவள் என்று விளக்கினார். எட்டு மாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்திருந்த மனைவி, “அப்ப இதையும் நீங்களே பெத்துக்குங்க” என்றார். பூமித்தாய் காயாவை எடுத்தார். “பழமா?” என்றார் அம்மா. பட்டியலில் அதையும் அடித்தார்கள்.

கடைசி ஆயுதமாகச் சரித்திரத்தை இறக்கினார். யவனர்கள் நமக்கு அந்நியரா? சங்கப் பாட்டிலேயே இருக்கிறார்கள். மிளகுக்காகக் கப்பல் கட்டி வந்தார்கள். அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து ஜாடி ஓடுகள் கிடைத்தன. எல்லாம் உண்மைதான். அம்மாவும் மறுக்கவில்லை. “மிளகு வாங்க வந்தவனுக்கு மிளகைக் குடுத்தோம். அவன்கிட்ட பேரு கேட்டோமா?”

குழந்தை பிறந்தது. பெண். சித்திரை நட்சத்திரம். ஜோசியர் பே, போ, ர, ரி என்று நாலு எழுத்துகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒலிம்பஸ் மலையே அந்த நாலு எழுத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

ரியா சரியாகப் பொருந்தியது. ஜீயஸின் தாய். பிறக்கிற பிள்ளைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த புருஷனுக்கு, கடைசிப் பிள்ளைக்குப் பதில் துணியில் சுற்றிய கல்லைக் கொடுத்து ஏமாற்றிய கெட்டிக்காரி. ஆனால் எங்கள் குடியிருப்பிலேயே மூன்று ரியாக்கள் இருக்கிறார்கள். பெனிலோபியைச் சொன்னார். போருக்குப் போன கணவன் 20 வருஷம் கழித்து வரும்வரை காத்திருந்தவள். இவரே ஆன்சைட் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பியவர். மனைவி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெயர் மறுபடி வாயில் வரவில்லை.

கடைசியில் பெர்செபோனி. பெ-வும் பே-வும் ஒன்றுதான் என்று ஜோசியரே இறங்கி வந்தார். தானியத்துக்கான தேவதையின் மகள் அவள். பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அங்கே மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால் வருஷத்தில் சில மாதம் அவனோடு இருந்தாக வேண்டும். அந்த மாதங்களில் தாய் துக்கம் காக்கிறாள், பூமி விளைவதில்லை. மகள் திரும்பினால் வசந்தம்.

“செத்தவங்களுக்கு ராஜான்னா எமன். எமன் பொண்டாட்டி பேரா என் பொண்ணுக்கு?” என்றார் மனைவி.

“அம்மா வீட்டுக்கும் புருஷன் வீட்டுக்குமா அலையறா, பாவம். நம்ம வீட்டுக் கதைதான். இருக்கட்டுமே” என்றார் மாமியார். வாத்தியார், “கடைசியில போணின்னு முடியுது. முதல் போணி. நல்ல சகுனம்” என்று பேப்பரைப் புரட்டினார்.

பெயர் சூட்டும் நாளில் நானும் போயிருந்தேன். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி வைத்திருந்தார்கள். வேட்டி கட்டிய அப்பா, விரலால் அரிசியில் எழுத ஆரம்பித்தார். பெ-வின் கொம்பை அகலமாகப் போட்டுவிட்டார். ‘பெர்செபோ’ வரைக்கும் வந்ததும் தாம்பாளம் முடிந்துவிட்டது. வேறு பெரிய தட்டு இல்லை. ‘னி’யை எங்கே போடுவது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கையில், மடியில் குழந்தையை வைத்திருந்த பாட்டி குனிந்து, அதன் காதோடு மூன்று முறை சொல்லி முடித்துவிட்டார்: “பொன்னி, பொன்னி, பொன்னி.”

“அம்மா, பெர்செபோனி!”

“அதைத்தான்டா சொன்னேன்.”

காவிரிக்கும் அதுதான் பெயர், உலையில் போடுகிற அரிசிக்கும் அதுதான் பெயர். தானியத் தேவதையின் மகளுக்கு இதைவிடப் பொருத்தமாக அந்த யவனர்களாலேயே வைக்க முடியாது என்பது என் கருத்து. அன்று அதைச் சொல்லவில்லை. ஹெராக்கிளிஸ் அனுபவம் இருக்கிறதல்லவா?

இப்போது பொன்னி என்றால் குழந்தை திரும்பிச் சிரிக்கிறது. அப்பா மட்டும் விடாமல் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அது கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு அவரையே பார்க்கிறது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் எண் சரியாக வரவில்லை என்று எண்கணிதக்காரர் வேறு ஒரு எழுத்தைக் கூட்டச் சொல்லியிருப்பதால், பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் இன்னும் காலி. முதல் 12 மாதத்துக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். பொன்னிக்கு வரும் வெள்ளிக்கிழமை ஆண்டு நிறைவு.