பீரோ சாவி

பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று விக்கிரமசிங்கபுரத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். 143 அடியில் இன்றைக்கு எவ்வளவு, நேற்று எவ்வளவு, சேர்வலாறு அணையில் எவ்வளவு என்று டீ ஆற்றுகிறவரே சொல்லிவிடுவார். பக்கத்துப் பள்ளிக்கூட பீரோவில் எத்தனை புத்தகம் என்று கேளுங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

நான் போன பள்ளிக்குப் பெயர் வேண்டாம். சொன்னால் தலைமையாசிரியருக்குத்தான் மெமோ வரும். "லைப்ரரி எங்க இருக்குடே?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். "மீட்டிங் போடுவாங்கல்லா, அந்த ரூமுதான் சார்" என்றான். உள்ளே ஒரு இரும்பு பீரோ. அதன் தலையில் கேரம் போர்டு, சுருட்டி வைத்த ஆண்டுவிழா பேனர். பூட்டில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. இருப்புப் பதிவேட்டை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எப்படி இருக்கும்? ஒரு புத்தகம் குறைந்தாலும் தணிக்கைக்காரர் பொறுப்பாசிரியர் தலையில் எழுதிவிட்டுப் போவார். நூலகர் என்று ஒரு ஆளைப் போடாமல் கணக்கு வாத்தியார் இடுப்பில் சாவியைக் கட்டினால் அவர் என்ன செய்வார்? பூட்டுவார். நூலகப் பாடவேளையிலும் கணக்கே போடுவார்.

வருஷத்தில் ஒரு நாள் பீரோ திறக்கும். கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, பிள்ளைகளைச் சம்மணம் போட வைத்து, ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து போட்டோ. போட்டோ மேலிடத்துக்கு ஏறியதும் புத்தகம் பீரோவுக்குள் இறங்கிவிடும். பாதிக் கதை படித்த பிள்ளை, கிணற்றில் விழுந்த நரி ஏறியதா இல்லையா என்று அடுத்த வருஷம் தெரிந்துகொள்ளட்டும்.

யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் கொளுத்தினார்கள் என்று நமக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரிய வேண்டியதுதான். நாம் கொளுத்த மாட்டோம், நாகரிகமானவர்கள். கரையானுக்குக் குத்தகை விடுவோம்.

இந்த நோய்க்கு டெல்லி எழுதிக் கொடுத்த மருந்து இணையம். 2023 பட்ஜெட்டில் சிறுவர்களுக்குத் தேசிய டிஜிட்டல் நூலகம் என்றார்கள். நம் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு அதற்கு முன்பே வந்தாயிற்று. 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது இந்த வைத்தியத்தைப் பார்த்தோமே! காரையாறுக்கு மேலே காணிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் செல்போனில்தான் பாடம் என்றார்கள். சாமி மலையேறும், சிக்னல் ஏறவில்லை.

அதே பட்ஜெட் ஊராட்சிதோறும் நூலகம் வைக்க மாநிலங்களை ஊக்குவிப்போம் என்றும் சொன்னது. அடேயப்பா! 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று தமிழ்நாடு எப்போதோ கணக்கு எழுதிவிட்டது. அவற்றில் எத்தனையோ கட்டடங்கள் பூட்டியபடியே பாழாயின. திண்ணையில் ஆடு அசைபோடுகிறது. அந்த ஊரில் அங்கே அசைபோட வருவது அது ஒன்றுதான்.

தொடக்கப் பள்ளிக்கு நூலக மானியம் வருஷத்துக்கு 5,000 ரூபாய். அது வருகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தையும் 2024இல் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்துப் போடாத சண்டையில் டெல்லி நிறுத்தி வைத்தது. சண்டை போட்ட இரண்டு பக்கமும் கல்வியைக் காப்பாற்றுவதாகவே அறிக்கை விட்டன.

பாபநாசத்தில் பாவம் தொலைக்க வருகிறவர்கள் முங்கி எழுந்து, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். அதிகாரிகளுக்கும் அதே சாஸ்திரம்தான். தாமிரபரணிக்குத் துணி, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை. விட்டவர் சுத்தமாகிவிடுகிறார், அள்ளுகிறவன்தான் நாறிப்போகிறான்.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. அந்தப் பணத்தை வசூலித்துவிட்டு நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைப்பது உள்ளாட்சிகளின் பழைய வழக்கம். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் நூலகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக் காலை போய்க் கேளுங்கள்.